ஆராயி வைக்காத கைநாட்டு

ஐயாக்கண்ணுவின் வயிறு முதல் தடவை ஊதியபோது, முந்தின நாள் சாப்பிட்ட கேழ்வரகுக் களியின் மேல்தான் எல்லோரும் பழியைப் போட்டார்கள். எழுபத்தொன்பதாம் வருஷம், மாசி மாதம். செம்மநத்தத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. மேல்காட்டில் சாமையும் கேழ்வரகும். சரிவில் மரநிழலுக்கு அடியில் கொஞ்சம் காப்பி. வேலியோரம் ஆரஞ்சு. ஐம்பத்திரண்டு வயதிலும் ஒரு மூட்டை ஆரஞ்சைத் தலையில் வைத்தால் ஏற்காடு சந்தை வரை இறக்காமல் நடப்பார். உடம்புக்கு முடியவில்லை என்று அவர் படுத்ததை மனைவி ஆராயி பார்த்ததில்லை. மலச்சிக்கல் மட்டும் உண்டு. மூன்று நாளைக்கு ஒருமுறைதான் காட்டுப் பக்கம் ஒதுங்குவார். அது அவர் உடம்பு வாகு என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

காலையில் வலி விட்டு விட்டு வந்தது. ஆராயி இஞ்சி தட்டிப் போட்டுக் கஷாயம் கொடுத்தாள். பிறகு விளக்கெண்ணெய் கொடுத்தாள். எதுவும் இறங்கவில்லை. காற்றும் பிரியவில்லை. மறுநாள் மதியத்துக்குள் வயிறு இடதுபக்கம் மேடு தட்டி, தொப்புள் வெளியே தள்ளி, எட்டு மாதக் கர்ப்பிணியின் வயிறு போல ஆகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்த அவருடைய தம்பி சின்னன் ஓடிப்போய், பக்கத்துக் காப்பி எஸ்டேட் மருந்தகத்துக் கம்பவுண்டர் ஸ்தனிஸ்லாசைக் கூட்டிவந்தான்.

ஸ்தனிஸ்லாஸ் வயிற்றின் மேல் விரலை வைத்துத் தட்டினார். தம்பட்டம் போலச் சத்தம் வந்தது.

"கடைசியா காத்து எப்பப் பிரிஞ்சுதுங்க?"

"முந்தாநாள்ளேர்ந்து ஒண்ணும் இல்லீங்க," என்றாள் ஆராயி. "விளக்கெண்ணெ குடுத்தனுங்க. அதுக்கும் போகலீங்க."

"இனிமே வாய் வழியா ஒண்ணும் குடுக்காதீங்க. தண்ணிகூட வேண்டாம். இது எனக்கு மிஞ்சின விஷயம். குடல்ல எங்கியோ அடைச்சிருக்குது. இப்பவே சேலம் போயாகணும். நான் எஸ்டேட் ரைட்டர்கிட்டச் சொல்லி ஜீப்புக் கேக்கறேன்."

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இளவயது டாக்டர் ஒருவர் அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஆராயியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீங்க மலைக்காரங்கதானே? இது எதை மாதிரி தெரியுது, சொல்லுங்க."

வெளிறிய படத்தின் நடுவில் கறுப்பாக, வளைந்து, ஒரு முழங்கை நீளத்துக்கு ஏதோ கிடந்தது. அதன் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது.

"காப்பிக்கொட்டையாட்டம் இருக்குதுங்க."

"அதேதான். எங்க புஸ்தகத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கு. பெருங்குடலோட கடைசிப் பாகம் முறுக்கிக்கிட்டு, உள்ள காத்து அடைச்சு, ரெண்டு மடங்கா வீங்கி நிக்குது. நடுவுல இருக்கிற கோடு ரெண்டு மடிப்பும் ஒட்டுற இடம்."

ஐயாக்கண்ணுவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். ஆசனவாய் வழியாக ஒரு நீளமான குழலை விட்டு, அதற்குள் ரப்பர் குழாயை மெல்ல மெல்லத் தள்ளினார் டாக்டர். ஒரு இடத்தில் தடுத்தது. அங்கே நிறுத்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடி தள்ளினார். சட்டென்று காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. கூடவே தண்ணீராக மலம் வாளிக்குள் பாய்ந்தது. டாக்டரின் கோட்டு முழுக்கத் தெறித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆராயியின் கண்ணுக்கு முன்னால் அந்த வயிறு தளர்ந்து கீழே இறங்கியது.

"அம்மாடி," என்றார் ஐயாக்கண்ணு. இரண்டு நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு டம்ளர் காப்பித்தண்ணி கெடைக்குமா?" என்று கேட்டார். வார்டு நர்ஸ் தெரசம்மாள் சிரித்துவிட்டார்.

ரப்பர் குழாயை இரண்டு நாள் அப்படியே விட்டு வைத்தார்கள். மூன்றாம் நாள் டாக்டர் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். ஐயாக்கண்ணுவின் தலைத்துண்டை வாங்கி, இரண்டு முனைகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்தார். துண்டு நடுவில் தொங்கியது.

"இதுதான் உங்க குடல். சில பேருக்குப் பொறவியிலயே நீளமா இருக்கும். சில பேருக்கு வருஷக்கணக்கா மலம் தேங்கித் தேங்கி நீளும். குடலை முதுகுப் பக்கம் பிடிச்சுக்கிட்டிருக்கிற வேர் மட்டும் குறுகலா இருக்கும், இந்தா, என் கைப்பிடி மாதிரி. நீளமான குடல், குறுகலான வேர். ஒரு நாள் கனம் தாங்காம இப்படிச் சுத்திக்கும்."

மணிக்கட்டைத் திருப்பினார். துண்டு ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது.

"காத்தும் போகாது, மலமும் போகாது. அதுகூடப் பரவாயில்ல. குடலுக்கு ரத்தம் போற குழாய் எல்லாம் இந்த வேர் வழியாத்தான் போகுது. அதுவும் சேர்ந்து முறுக்கிக்கும். ரத்தம் நின்னா குடல் அழுகிப்போகும். இப்ப நான் முறுக்கை எடுத்து விட்டிருக்கேன். அவ்வளவுதான். நீளம் அப்படியே இருக்கு. மறுபடி முறுக்கும். இன்னைக்கோ ஆறு மாசம் கழிச்சோ, சொல்ல முடியாது."

"அதுக்கு என்னங்க பண்ணோணும்?" என்று கேட்டார் ஐயாக்கண்ணு.

"ஆபரேஷன். நீளமா இருக்கிற பாகத்தை வெட்டி எடுத்துட்டு, நல்ல ரெண்டு முனையையும் சேர்த்துத் தெச்சிடுவோம். குடல் இப்ப சுத்தமா இருக்கு, உடம்பும் தேறியிருக்கு. செய்யறதுன்னா இதுதான் சமயம்."

ஐயாக்கண்ணு ஆராயியைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷக் குடித்தனத்தில், விதைப்பதானாலும் மகள் கண்ணாயியைக் கிளியூரில் கட்டிக்கொடுப்பதானாலும், அவளைப் பார்க்காமல் அவர் எதற்கும் தலையாட்டியதில்லை.

"நீ என்ன சொல்ற ஆராயி? பண்ணிக்கலாமா?"

தெரசம்மாள் காகிதத்தையும் மை டப்பாவையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்திருந்தார். நோயாளி ஒரு கைநாட்டு, உறவினர் ஒரு கைநாட்டு. ஆராயி மையைப் பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தங்கை பொன்னாயியைப் பிரசவ வலியோடு மலையிலிருந்து சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தது. கொண்டுவந்து சேர்ப்பதற்குள்ளேயே நேரம் கடந்துவிட்டிருந்தது. வயிற்றைக் கீறி எடுத்தும் இருவரும் பிழைக்கவில்லை. நேரம் கடந்தது ஆராயிக்குத் தெரியாது. கத்தி வைத்தார்கள், தங்கை செத்தாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றைக்கும் ஒரு காகிதம் இருந்தது. அதில் விரலை வைத்தது அவள்தான்.

கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க. நல்லா ஆயிட்டாருங்க. காப்பி கேக்கறாரு, சோறு உங்கறாரு. எந்திரிச்சு நடக்கற மனுசனை எதுக்குங்க கீறோணும்?"

"அம்மா, இது மறுபடி வரும்."

"நான் பாத்துக்கறனுங்க. களியே போட மாட்டேன். தெனமும் கீரையும் மோருமாக் குடுக்கறேன்."

"சாப்பாட்டுல மட்டும் இது நிக்காதும்மா."

ஐயாக்கண்ணு துண்டை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அவளுக்குப் பயமா இருக்குதுங்க சாமி. ஊட்டுக்குப் போறோமுங்க," என்றார்.

டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். கதவு வரை போனவர் திரும்பி நின்று சொன்னார். "வயிறு ஊதினா, காத்து நின்னா, அந்த நிமிஷமே கிளம்பி வந்துருங்க. ஒரு பொழுதுகூடத் தள்ளாதீங்க. அடுத்த தடவை இந்தக் குழாய் வேலை செய்யும்னு சொல்ல முடியாது."

சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதங்கள் போயின. ஆராயி சொன்னபடி செய்தாள். சந்தையில் அரிசி வாங்கிப் பொங்கிப் போட்டாள். முருங்கைக் கீரை, மணத்தக்காளி, மோர். காலையில் அவர் காட்டுப் பக்கம் போய்த் திரும்பும்போது வாசலில் நின்று, "போச்சுங்களா?" என்று கேட்பாள். "போச்சு, போச்சு" என்பார். யாராவது விசாரித்தால் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. "கீறோணும்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டேன். பாருங்க, கல்லாட்டம் இருக்காரு."

ஐப்பசியில் சாமை முற்றியது. காட்டுப்பன்றிக்குக் காவலாக ஐயாக்கண்ணு மேல்காட்டுக் குடிசையிலேயே தங்கினார். ஆராயி காலையில் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சரிவில் காப்பிக்கு இறங்கிவிடுவாள். ஒரு செவ்வாய்க்கிழமை சட்டியைக் கொண்டுபோனபோது அவர் சாக்கைப் போர்த்திக் குந்தியிருந்தார்.

"சளி புடிச்சிருக்குது. வெச்சுட்டுப் போ. அப்பறம் உங்கறேன்."

"வவுறு நல்லாருக்குதுங்களா?"

"அதெல்லாம் நல்லாருக்குது. நீ போ, மழ வந்துரும்."

அவள் போய்விட்டாள். சாக்கை விலக்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை காய்கறி வாங்கிவர ஏற்காடு போனவள் தாமதமாகத் திரும்பியதால், சோற்றைச் சின்னன் கொண்டுபோனான். அண்ணன் படுத்தபடியே கையை ஆட்டி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் என்றான். வியாழக்கிழமை காலையில் ஆராயி போனபோது முந்தின இரண்டு நாள் சோறும் குடிசைக்குப் பின்னால் கொட்டிக் கிடந்தது. ஐயாக்கண்ணு முழங்காலை மடித்து, நெற்றியை மண்ணில் ஊன்றிக் கிடந்தார். வாயோரம் பச்சையாக வாந்தி. அவள் சாக்கை இழுத்தாள். வயிறு முதல் தடவையைவிடப் பெரிதாக, பளபளவென்று இருந்தது. தொட்டதும் அவர் அலறினார்.

கம்பளியில் கட்டிக் கம்பில் கோத்து நாலு பேர் தூக்கினார்கள். தகவல் கேட்டு ஸ்தனிஸ்லாஸ் வழியில் எதிரே வந்தார். வயிற்றை லேசாகத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நாடி பார்த்தார். உடனே ஜீப்புக்கு ஓடினார்.

மலை இறங்கும்போது ஆராயி ஜீப்பின் பின்பக்கம் அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடித்தார். கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் உடம்பு ஜில்லென்று வேர்த்தது.

அதே டாக்டர்தான் இருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ராத்திரிதானுங்க," என்றார் ஐயாக்கண்ணு. குரல் உள்ளே போய்விட்டிருந்தது.

டாக்டர் அவர் வயிற்றில் கை வைத்தார். அது மரப்பலகை மாதிரி இறுகியிருந்தது. காய்ச்சல் அடித்தது. கையுறை போட்டு ஆசனவாயில் சோதித்தபோது விரலில் கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இது ஒரு ராத்திரி வேலை இல்ல. எத்தனை நாளாச்சு?"

ஐயாக்கண்ணு ஆராயியைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம விடியாலங்க."

"செவ்வாக்கெழமையா?" ஆராயி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குக் கேட்டனே! வவுறு நல்லாருக்குதான்னு கேட்டனே! ஏனுங்க சொல்லல?"

அவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"நடுவுல ரெண்டு தடவ இப்புடி வந்துச்சு ஆராயி. ஆடியில ஒண்ணு, பொரட்டாசியில ஒண்ணு. கவுந்து படுத்துக் கெடந்தேன், தானாக் காத்துப் பிரிஞ்சு போச்சு. இதும் போயிரும்னு இருந்தேன்."

"எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுல்லங்க?"

"எப்புடிச் சொல்றது? நீ ஊரெல்லாம் நல்லாருக்காரு, நல்லாருக்காருன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. மறுக்கா வந்துருச்சுன்னு சொன்னா, உன்னாலதான்னு நெனச்சுக்குவ. பொன்னாயி செத்ததுக்கே மூணு வருசமா அழுதுட்டு இருக்கற."

இந்தத் தடவை தெரசம்மாள் மை டப்பாவைத் திறப்பதற்குள்ளேயே ஆராயி கையை நீட்டினாள். மூன்று காகிதங்களில் வைக்கச் சொன்னார்கள். மூன்றிலும் அழுத்தி வைத்தாள். முகத்தைத் துடைத்தபோது அந்த மை கன்னத்தில் அப்பியதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தக் குழாய் போட மாட்டீங்களா?" என்று கூட வந்திருந்த சின்னன் கேட்டான்.

"குடல் செத்துப்போயிருந்தா குழாய் அதைக் கிழிச்சிரும். இப்ப வயித்தைத் திறந்து பார்க்கிறதைத் தவிர வேற வழியில்ல," என்றார் டாக்டர்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் இருந்த பெஞ்சில் ஆராயிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"குடல் ரெண்டு சுத்துச் சுத்தியிருந்துது. ஒண்ணரை அடிக்கு மேல கறுத்துப்போச்சு. ஒரு இடத்துல ஓட்டை விழுந்து மலம் வயித்துக்குள்ள கலந்துடுச்சு. அழுகினதை எடுத்துட்டேன். இந்த நிலைமையில ரெண்டு முனையையும் சேர்த்துத் தைக்க முடியாதும்மா, பிரிஞ்சுடும். மேல் முனையை வயித்துல ஒரு துளை போட்டு வெளியே கொண்டுவந்து வெச்சிருக்கேன். மலம் அது வழியாத்தான் வரும். பொழைச்சு எழுந்தா மூணு மாசம் கழிச்சுச் சேர்த்துடலாம்."

'பொழைச்சு எழுந்தா' என்று அவர் சொன்னதை ஆராயி கேட்டாள். அதற்குப் பிறகு சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

மறுநாள் மதியம் ஐயாக்கண்ணுவுக்கு நன்றாக நினைவு வந்தது. தெரசம்மாள் கட்டைப் பிரித்துத் துடைக்கும்போது தலையை உயர்த்தித் தன் வயிற்றைப் பார்த்தார். இடதுபக்கம், தொப்புளுக்குக் கொஞ்சம் கீழே, சிவப்பாக, ஈரமாக, ஒரு சின்ன வாய் மாதிரி குடலின் முனை துருத்திக்கொண்டிருந்தது. அதிலிருந்து கொஞ்சம் கழிவு கசிந்து பஞ்சில் இறங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இத ஆரு கழுவறது?" என்றார்.

"நாந்தான். வேற ஆரு?" என்றாள் ஆராயி.

தெரசம்மாள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வெதுவெதுப்பான தண்ணீர், பஞ்சு, சுற்றியுள்ள தோல் புண்ணாகாமல் ஒற்றி எடுப்பது, மேலே மடித்த துணி, அதன் மேல் கட்டு. ஆராயி அன்றைக்கு நாலு தடவை செய்தாள். நாலாவது தடவை செய்யும்போது ஐயாக்கண்ணு தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பியபடி அழுதார். அவர் அழுததையும் அவள் அதற்குமுன் பார்த்ததில்லை.

"இப்புடி வெச்சுட்டு எப்புடி ஆராயி சந்தைக்குப் போவேன்?"

"மூணு மாசந்தானாமுங்க, நர்ஸம்மா சொன்னாங்க. அதுவரைக்கும் ஊட்லயே இருங்க. நானும் சின்னனும் போறோம்."

"சாமை அறுக்கோணும். மழையில கொட்டிப் போயிரும்."

"கண்ணாயி கிளியூர்லேருந்து வந்திருக்கறாளாம். அவ அறுக்கறாளாம். நீங்க பேசாதீங்க."

அடுத்த நாள் காய்ச்சல் ஏறியது. சிறுநீர் குறைந்தது. வயிற்றுக்குள் கலந்த விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று டாக்டர் சின்னனிடம் சொன்னார். ஊசி மருந்தை மாற்றினார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஐயாக்கண்ணு யாரையோ பன்றி விரட்டச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆராயியைப் பார்த்து, "நீங்க ஆருங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். திங்கட்கிழமை முற்பகல், அவள் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றுவிட்டது. துளையிலிருந்து மட்டும் இன்னும் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைத்தாள். கசிவது நிற்கும்வரை துடைத்தாள். தெரசம்மாள்தான் அவள் கையிலிருந்து பஞ்சை வாங்கினார்.

உடலைக் கொடுப்பதற்கான காகிதம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். டாக்டர் வராந்தாவில் வந்தபோது ஆராயி எழுந்து நின்றாள்.

"ஒண்ணு கேக்கோணுமுங்க. அன்னைக்கு, மாசி மாசத்துல, நான் கைநாட்டு வெச்சிருந்தா?"

டாக்டர் தெரசம்மாளைப் பார்த்தார். தெரசம்மாள், வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

"ஆபரேஷன்னா எதுலயும் ஆபத்து உண்டும்மா. உறுதியாச் சொல்ல முடியாது."

"அது தெரியுமுங்க. நூறு பேருக்குச் செஞ்சா எத்தன பேரு எந்திரிச்சு ஊட்டுக்குப் போவாங்க?"

டாக்டர் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"தொண்ணூறு பேருக்கு மேல," என்றார்.

"செவ்வாக்கெழமையே வந்திருந்தா?"

"அப்பவும் பொழைக்க வெச்சிருக்கலாம்மா."

அவள் தலையாட்டினாள். "சரிங்க," என்றாள். அவர் போன பிறகு தெரசம்மாள், "அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்," என்று சொல்லி அவள் தோளைத் தொட்டார். "கேட்டது நாந்தானுங்கம்மா," என்றாள் ஆராயி.

காரியத்துக்குச் சொந்தங்கள் எல்லாம் வந்திருந்தன. மூன்று ஊர் ஆட்கள். சாப்பிட்டு முடித்து ஆண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தபோது சின்னன் சொல்லிக்கொண்டிருந்தான்: "மாசியில கத்தி வெக்கல, எந்திரிச்சு வந்தாரு. இப்ப கத்தி வெச்சாங்க, நாலே நாள்ல போயிட்டாரு. சேலம் போனா இதான். பொன்னாயியும் அப்புடித்தான போனா."

எல்லோரும் "ஆமா" என்றார்கள். வயிறு ஊதினால் இனிமேல் நாட்டு வைத்தியரிடம் மந்திரித்துக்கொள்வதுதான் நல்லது என்று ஒருவர் சொன்னார்.

உள்ளே பெண்களோடு இருந்த ஆராயி வெளியே வந்தாள்.

"கத்தியில்ல," என்றாள். "கத்தி அவரக் கொல்லல. கொடலு முறுக்கிக்கிச்சு. ரத்தம் போகாம அழுகிப்போச்சு. மாசியிலயே கீறியிருந்தா பொழச்சிருப்பாரு. கீற வேண்டாம்னவ நானு. வலிய மறைச்சாரு, அதுவும் என்னாலதான். பொன்னாயிக்கும் கத்தியினால இல்ல, நேரங்கெட்ட நேரத்துல கொண்டுபோனம். ஆஸ்பத்திரியில நர்சு தெரசம்மாளக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

சின்னன் எழுந்து வந்தான்.

"உள்ள போங்க அண்ணி. உங்களுக்கு மனசு செரியில்ல."

"மனசுக்கு ஒண்ணுமில்ல. கம்பவுண்டரய்யா, நீங்களாச்சும் சொல்லுங்க."

ஸ்தனிஸ்லாஸ் ஓரமாக நின்றிருந்தார். அவள் சொல்வது நிஜம்தான், முதல் தடவையே ஆபரேஷன் செய்திருந்தால் ஐயாக்கண்ணு இன்றைக்கு இருப்பார் என்று அவர் சொன்னார். ஆட்கள் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு சாமை என்ன விலை போகிறது என்று பேச ஆரம்பித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆராயி அதைப் பார்க்கிற எல்லோரிடமும் சொன்னாள். தண்ணீர் எடுக்கிற இடத்தில் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம் சொன்னாள். முந்தானையின் இரண்டு முனைகளை ஒரு கையில் பிடித்து, குடல் இப்படி, வேர் இப்படி, ரத்தம் இப்படி நிற்கும் என்று முறுக்கிக் காட்டினாள். வயிறு ஊதிக் காற்று பிரியாவிட்டால் விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், அன்றைக்கே ஓடுங்கள், கீற வேண்டும் என்றால் சரி என்று சொல்லுங்கள் என்றாள். முதலில் பாவம் என்று கேட்டார்கள். பிறகு புருஷனை இழந்து புத்தி தடுமாறிவிட்டது என்றார்கள். கல்யாண வீடுகளுக்குக் கூப்பிடுவது நின்றது. அடுத்த கோடையில் கண்ணாயிகூட, "அம்மா, எங்க மாமியா ஊட்டுல மட்டும் அதச் சொல்லாதீங்க," என்று கெஞ்சினாள்.

அந்த வருஷம் ஆவணியில் கிளியூர்ப் பக்கம் ஒருவருக்கு வயிறு ஊதியது. ஆராயிக்குத் தகவல் எட்டியது இரண்டு நாள் கழித்து. மழையில் நடந்தே போனாள். அந்த வீட்டுக்காரர்கள் அவள் யார் என்று தெரிந்ததும் கதவைத் திறக்கவில்லை. வெளியே நின்று, கத்தியில்லை, கத்தியில்லை என்று கத்தினாள். உள்ளே யாரோ வேப்பிலை அடிக்கும் சத்தம் கேட்டது. கடைசியில் ஒரு பெண் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, "போயிருங்க ஆயா, உங்க வாயில அவரு பேரு வர வேண்டாம்," என்று சொல்லிச் சாத்திக்கொண்டாள்.

ஆராயி எஸ்டேட்டுக்குப் போய் ஸ்தனிஸ்லாசைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குள் வாசலில் பாடை கட்ட மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.